கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி: 2003 பி.சி.எஸ். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இருபது வருஷமா இந்தத் தொழிலில் இருக்கேன். பேங்க் கவுன்டரில், ரேஷன் கடையில், ஆபீஸ் அப்ரைசல் மீட்டிங்கில் எல்லா இடத்திலும் கேட்டாச்சு. "நான் என்ன சார் பண்றது, சிஸ்டம் அப்படித்தான் காட்டுது." சிஸ்டம் தானாக எதையும் காட்டாது. யாரோ உட்கார்ந்து எழுதின கணக்கை அது செய்கிறது, அவ்வளவுதான்.

விளையாட்டு அணிகளைத் தரவரிசைப்படுத்தும் கணித மாடல்கள் பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தத் துறையில் மேலே சொன்ன வாக்கியம் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட மாதம் அநேகமாக 2003 டிசம்பராக இருக்கும். இடம்: அமெரிக்கா. விளையாட்டு: கல்லூரி ஃபுட்பால், அதாவது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடும் அவர்கள் ஊர் ஃபுட்பால். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் பாதிதான் புரியும். ஆனால் அதன் தரவரிசைப் பிரச்சினை முழுக்கப் புரியும், ஏனென்றால் அது வெறும் கணக்கு.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல்.லில் 10 அணி, ஆளுக்கு 14 லீக் மேட்ச். பாயின்ட்ஸ் டேபிள் போட்டால் போதும், சமமாக வந்தால் நெட் ரன் ரேட். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு மேட்ச் மாதிரிதான். பெரும்பாலான அணிகள் ஒன்றை ஒன்று சந்திக்கவே செய்யாது. ஒருத்தன் சொத்தை அணிகளோடு ஆடிப் பன்னிரண்டும் ஜெயிப்பான், இன்னொருத்தன் பலமான அணிகளோடு ஆடி ஒன்று தோற்பான். யார் பெரியவன்? டேபிள் சொல்லாது. அதனால் காலங்காலமாகப் பத்திரிகையாளர்களும் கோச்சுகளும் ஓட்டுப் போட்டுத்தான் சாம்பியனை முடிவு செய்தார்கள். 1998இல் பி.சி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. ஓட்டையும் கம்ப்யூட்டர் தரவரிசைகளையும் சேர்த்து ஒரு எண் கண்டுபிடி, முதல் இரண்டு இடத்தில் வருபவர்கள் இறுதிப் போட்டி ஆடட்டும். மூன்றாவதாக வந்தால் வேறு ஏதோ ஒரு பெரிய மேட்ச் கிடைக்கும், ஆனால் சாம்பியன் பட்டம் கையை விட்டுப் போச்சு. ஆடுகிறவர்கள் இருபது வயசுப் பசங்க, அவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் என்பதே கிடையாது.

2003இல் நடந்தது இது. மூன்று அணிகள் ஆளுக்கு ஒரு தோல்வியோடு முடித்தன: யு.எஸ்.சி., எல்.எஸ்.யு., ஓக்லஹோமா. ஓக்லஹோமா தன் கடைசி மேட்சில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று செமத்தியாக அடி வாங்கியது. பத்திரிகையாளர் ஓட்டு, கோச்சுகள் ஓட்டு இரண்டிலும் யு.எஸ்.சி. முதல் இடம், எல்.எஸ்.யு. இரண்டாவது, ஓக்லஹோமா மூன்றாவது. பி.சி.எஸ். பட்டியல் வந்தது: ஓக்லஹோமா முதலிடம், எல்.எஸ்.யு. இரண்டாவது, யு.எஸ்.சி. வெளியே. நாடு முழுக்க ஒரே கூச்சல். "கம்ப்யூட்டர் கெடுத்துடுச்சு."

சரி, கணக்கைத் திறந்து பார்ப்போம். அன்றைய சூத்திரத்தில் ஐந்து பகுதிகள். ஓட்டுகளின் சராசரி இடம். கம்ப்யூட்டர் பட்டியல்களின் சராசரி இடம். எதிரணிகளின் வலு எத்தனையாவது இடம் என்பதை 25ஆல் வகுத்து வரும் எண். தோல்விகளின் எண்ணிக்கை. கடைசியாக, முதல் பத்தில் இருக்கும் ஓர் அணியை ஜெயித்திருந்தால் அதற்குக் கழிவு. எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவரே முதல்.

ஓக்லஹோமா: 3 + 1.17 + 0.44 + 1, அதில் டெக்சாஸை ஜெயித்ததற்கு 0.5 கழித்தால் 5.11.
எல்.எஸ்.யு.: 2 + 1.83 + 1.16 + 1 = 5.99.
யு.எஸ்.சி.: 1 + 2.67 + 1.48 + 1 = 6.15.

0.16 வித்தியாசத்தில் யு.எஸ்.சி. போச்சு.

இதில் மூன்றாவது பகுதியைப் பாருங்கள், எதிரணிகளின் வலு. கம்ப்யூட்டர் மாடல் என்பதே எதற்காக? எதிரணியின் வலுவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தானே! அந்த மாடல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தனியாக வெளியே எடுத்து இன்னொரு தடவை கூட்டுகிறார்கள். நல்ல அணியை ஜெயித்ததற்கான கழிவும் அப்படித்தான், மாடலுக்குள் அதற்கு ஏற்கெனவே மதிப்பு கொடுத்தாச்சு. ஜி.எஸ்.டி. போட்ட விலைக்கு மேல் மறுபடி ஜி.எஸ்.டி. போடுகிற பில் மாதிரி.

இரண்டு தடவை எண்ணியதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை எடுத்தேன், கால்குலேட்டர்கூடத் தேவைப்படவில்லை. முதலில் எதிரணி வலுவை மட்டும் எடுத்துப் பார்த்தேன். யு.எஸ்.சி. 4.67. ஓக்லஹோமா 4.67. எல்.எஸ்.யு. 4.83. எல்.எஸ்.யு. வெளியே போய்விட்டது! அடுத்து டெக்சாஸ் கழிவையும் எடுத்தேன். ஓக்லஹோமா 5.17 ஆகிறது, யு.எஸ்.சி.யும் எல்.எஸ்.யு.வும் முதல் இரண்டு இடம். ஓட்டுப் போட்டவர்கள் கேட்ட அதே இறுதிப் போட்டி. கம்ப்யூட்டர்கள் சொன்ன எண்களில் நான் கை வைக்கவே இல்லை. 1.17, 1.83, 2.67 மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

அதாவது குற்றவாளி கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் தந்த விடையோடு மேலே கூட்டிய இரண்டு வரிகள். அதை எழுதியது ஒரு கமிட்டி.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கடைசி நாளில் ஹவாயும் நோட்டர் டேமும் தங்கள் மேட்சுகளில் தோற்றன. இரண்டுமே யு.எஸ்.சி. அந்த சீசனில் ஆடிய அணிகள். அதனால் யு.எஸ்.சி.யின் எதிரணி வலு இறங்கியது. அது மாடலுக்குள் ஒரு தடவை அடித்தது, வெளியே தனிப் பகுதியில் இன்னொரு தடவை அடித்தது. யாரோ எங்கேயோ ஆடிய ஆட்டத்துக்கு இரட்டைத் தண்டனை. கடைசியில் எல்.எஸ்.யு. ஓக்லஹோமாவை 21-14 என்று ஜெயித்து பி.சி.எஸ். பட்டம் வாங்கியது. யு.எஸ்.சி. மிஷிகனை 28-14 என்று ஜெயித்து, பத்திரிகையாளர் ஓட்டில் முதலிடம் வாங்கியது. ஒரு சாம்பியனைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு இரண்டு சாம்பியன்களோடு முடிந்தது.

2004இல் சூத்திரத்தை மாற்றினார்கள். எதிரணி வலு, தோல்வி, கழிவு மூன்றும் போச்சு. நல்ல காரியம். ஆனால் கூடவே ஓட்டுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பங்கு என்றும் ஆக்கினார்கள். உடைந்த குழாயைச் சரிபண்ணிவிட்டு, எதுக்கும் இருக்கட்டும் என்று பக்கத்துக் குழாயையும் பாதி அடைத்த மாதிரி.

கம்ப்யூட்டர்களைப் புனிதராக்க நான் வரவில்லை. 35-7 என்று தோற்ற ஓக்லஹோமாவை அவை ஏன் முதலிடத்தில் வைத்தன என்ற கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் வேடிக்கையானது: 35-7 என்பதைப் பார்க்கவே அவற்றுக்கு அனுமதி இல்லை. 2002 சீசனிலிருந்து புள்ளி வித்தியாசத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று பி.சி.எஸ். சொல்லிவிட்டது. ஜெயித்தாயா, தோற்றாயா, அது மட்டும்தான். மாடலுக்கு ஒரு புள்ளியில் தோற்றதும் இருபத்தெட்டுப் புள்ளியில் தோற்றதும் ஒன்று. ஓட்டுப் போட்டவர்கள் டி.வி.யில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு ஓக்லஹோமாவை இறக்கினார்கள். மாடலின் கண்ணைக் கட்டிவிட்டு, அப்புறம் "பார் இதுக்குக் கண்ணு தெரியல" என்றார்கள்.

தடைக்கு அவர்கள் சொன்ன காரணம் தப்பில்லை. வித்தியாசத்துக்கு மதிப்பு இருந்தால், 40 புள்ளி முன்னால் இருக்கும் அணியும் எதிரணியைப் போட்டுச் சாத்திக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தாலே போதுமே. 20க்கு மேல் போனால் 20 என்று எடுத்துக்கொள், ஒரு வரி கோடு. ஆறு கம்ப்யூட்டர்காரர்களில் ஒருவரான ஜெஃப் சகாரின் தன் பட்டியலில் இரண்டு வகை ரேட்டிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார், வித்தியாசம் பார்ப்பது ஒன்று, பார்க்காதது ஒன்று. வரப்போகும் மேட்சுகளைக் கணிப்பதில் பார்க்காதது பின்தங்கியது என்று அவரே எழுதி வைத்திருந்தார். பி.சி.எஸ்.ஸுக்குப் போனது அந்தப் பின்தங்கியதுதான்.

இந்த இடத்தில்தான் ஒரு அடிப்படைக் கேள்வி ஒளிந்திருக்கிறது. மாடலிடம் நாம் என்ன கேட்கிறோம்? "நாளைக்கு மோதினால் யார் ஜெயிப்பார்?" என்பதா, "இதுவரை செய்ததற்கு யாருக்கு இடம் கொடுக்கணும்?" என்பதா? முதல் கேள்விக்குப் புள்ளி வித்தியாசம் வேணும். இரண்டாவதுக்கு வேண்டாம் என்று வாதாடலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு. பி.சி.எஸ். இருந்த பதினாறு சீசனிலும் எது தங்கள் கேள்வி என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவே இல்லை. 2006இல் புள்ளியியல் பேராசிரியர் ஹால் ஸ்டெர்ன் இதையெல்லாம் சுட்டிக்காட்டி, கணக்குத் தெரிந்தவர்கள் யாரும் இந்த ஏற்பாட்டுக்கு உதவக் கூடாது, புறக்கணிக்கணும் என்றே ஒரு கட்டுரை எழுதினார். பேஸ்பால் புள்ளிவிவரத்தில் பெரிய ஆளான பில் ஜேம்ஸும் 2009இல் அதற்கு ஆதரவாக எழுதினார்.

என் பெரிய குறை வேற ஒன்று. ஆறு கம்ப்யூட்டர் தரவரிசைகளில் ஒன்று மட்டும்தான் முழுச் சூத்திரத்தையும் வெளியிட்டிருந்தது: வெஸ் காலி என்ற வானியற்பியல்காரருடையது. மற்ற ஐந்தும் மூடிய பெட்டி. கேன் மாஸ்ஸியின் அடிப்படை முறை அவருடைய 1997 கல்லூரி ஆய்வில் இருக்கிறது, பாடப்புத்தகங்களுக்கே வந்துவிட்டது, ஆனால் பி.சி.எஸ்.ஸுக்கு அவர் தந்தது அதே முறை இல்லை. கோடிக்கணக்கான டாலர் கைமாறும் முடிவுக்கு இப்படி ஒரு மென்பொருள், கோடு ரிவ்யூ கிடையாது, டெஸ்ட் கிடையாது. எங்க ஆபீஸில் லாகின் பக்கத்தில் ஒரு பட்டன் நிறம் மாற்ற மூன்று பேர் கையெழுத்து வேணும்!

காலியின் முறை எவ்வளவு எளிமை என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. மேட்சே ஆடாத அணிக்கு ரேட்டிங் அரை. ஜெயித்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, ஆடிய எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுக்கணும். ஒன்று ஆடி ஒன்று ஜெயித்தால் மூன்றில் இரண்டு. லாப்லாஸ் காலத்து யோசனை. அப்புறம் எதிரணிகள் எல்லாம் சராசரி அரை என்று வைத்துக்கொள்வதற்குப் பதில், அவரவர் ரேட்டிங்கையே போடணும். என் ரேட்டிங் உன்னுடையதைப் பொறுத்தது, உன்னுடையது என்னுடையதைப் பொறுத்தது. முட்டையா கோழியா மாதிரி தெரியும், ஆனால் அணிக்கு ஒரு சமன்பாடு, நூறு அணிக்கு நூறு சமன்பாடு, சேர்த்துத் தீர்த்தால் விடை வந்துவிடும்.

2000ஆம் வருஷத்திலிருந்து இரண்டு மேட்ச் மட்டும் எடுத்துக்கொள்வோம். வாஷிங்டன் மயாமியை ஜெயித்தது. மயாமி ஃபுளோரிடா ஸ்டேட்டை ஜெயித்தது. காலி முறையில் போட்டால் வாஷிங்டன் 0.667, மயாமி 0.5, ஃபுளோரிடா ஸ்டேட் 0.333. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. மூன்று அணிகளுக்கும் அந்த சீசனில் ஆளுக்கு ஒரே ஒரு தோல்வி. ஆனால் பி.சி.எஸ். இறுதிப் போட்டிக்கு அனுப்பியது ஃபுளோரிடா ஸ்டேட்டை! எல்லா மேட்சையும் சேர்த்தால் வரிசை மாறலாம், அது நியாயமாகவும் இருக்கலாம். நேருக்கு நேர் ஜெயித்தவன்தான் எப்போதும் மேலே என்று எந்த மாடலாலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஏன் மாறியது என்று மயாமி ரசிகன் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளாவது வேண்டாமா?

திறந்து வைத்ததன் பலன் 2010இல் தெரிந்தது. கடைசிப் பட்டியல் வந்த பிறகு ஜெர்ரி பாம் என்பவர், பி.சி.எஸ். கணக்குகளைத் தொடர்ந்து போட்டுப் பார்க்கிறவர், காலியின் எண்களைத் தானே கணக்கிட்டார். பொருந்தவில்லை. காரணம், கீழ்ப் பிரிவில் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் ஆடிய ஒரே ஒரு மேட்ச் காலியின் தரவில் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததும் எல்.எஸ்.யு.வும் பாய்ஸி ஸ்டேட்டும் 10, 11ஆம் இடங்களை மாற்றிக்கொண்டன. இரண்டு அணிக்கும் சம்பந்தமே இல்லாத மேட்ச். காலி தப்பை ஒப்புக்கொண்டு திருத்தினார். உடனே எல்லாரும் "பார்த்தியா, காலி தப்புப் பண்ணிட்டார்" என்றார்கள். எனக்குத் தோன்றியது நேர் எதிர். மற்ற ஐந்து பேரின் தரவில் எத்தனை மேட்ச் விடுபட்டிருந்தது? யாருக்குத் தெரியும், போட்டுப் பார்க்கத்தான் வழியில்லையே.

திறந்து வைத்தால் ஏமாற்றுவார்களே என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், உதாரணமும் இருக்கிறது, இந்தத் தடவை நமக்குத் தெரிந்த கால்பந்து. ஃபிஃபா 2006 முதல் 2018 வரை வைத்திருந்த சூத்திரத்தில் நட்பு ஆட்டத்துக்கு எடை 1, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு 2.5. அதை மேட்ச்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். 50ஆவது இடத்து அணியை நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் சுமார் 450 புள்ளி. உங்கள் சராசரி ஏற்கெனவே 1000 என்றால், ஜெயித்தும் சராசரி இறங்கும்! போலந்து இதைப் புரிந்துகொண்டு 2017இல் நட்பு ஆட்டங்களைத் தவிர்த்தது, அக்டோபர் பட்டியலில் ஆறாவது இடம் வந்தது, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் முதல் கூடையில் உட்கார்ந்தது. ஸ்பெயின் இரண்டாவது கூடை. போலந்து தன் பிரிவில் கடைசி இடம் பிடித்து வீட்டுக்குப் போனது வேறு கதை.

ஆனால் இதில் ஏமாற்று என்று என்ன இருக்கு? ஜெயித்தால் இறங்கும் சூத்திரம் ஒரு பக். போலந்து அந்த பக்கை உலகத்துக்கே டெமோ காட்டியது. 2018 ஆகஸ்டில் ஃபிஃபா சூத்திரத்தையே மாற்றி, செஸ்ஸில் இருக்கும் ஈலோ மாதிரியான முறைக்கு வந்துவிட்டது. மூடி வைத்திருந்தால் அதே பக் இன்றைக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பி.சி.எஸ். 2013 சீசனோடு முடிந்தது. கம்ப்யூட்டரே வேண்டாம் என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து நாலு அணிகளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. 2023 டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் 13 மேட்ச், 13 வெற்றி. கமிட்டி ஐந்தாவது இடம் கொடுத்தது. நாலாவது இடம் ஒரு தோல்வி வாங்கிய அலபாமாவுக்கு. முக்கியமான ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ் காயம்பட்டுவிட்டார், அவர் இல்லாமல் இது பழைய அணி இல்லை என்றார்கள். அதாவது "இதுவரை என்ன செய்தார்கள்" என்பதை விட்டுவிட்டு "நாளைக்கு ஜெயிப்பார்களா" என்ற கேள்விக்கு நடுவில் தாவினார்கள். 2000இல் கணக்கு உள்ளே தள்ளிய அதே ஃபுளோரிடா ஸ்டேட்டை மனுஷங்க வெளியே தள்ளினார்கள். இந்தத் தடவை "கம்ப்யூட்டர் தப்பா சொல்லிடுச்சு" என்று சொல்ல ஆளில்லை.

ஒரு பின்குறிப்பு, நானே மாட்டிக்கொண்ட கதை. காலி முறைக்குப் பைத்தானில் சின்ன நிரல் எழுதி எங்கள் அபார்ட்மென்ட் பேட்மின்டன் லீக்குக்குப் போட்டுப் பார்த்தேன். காலி முறையில் எல்லா ரேட்டிங்கின் சராசரியும் சரியாக 0.5 வரணும், அதைத்தான் சோதனையாக வைத்திருந்தேன். 0.5 வந்தது, சந்தோஷமாக வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியலைப் போட்டேன். பி பிளாக் மாமா ஒருத்தர், "தம்பி, செவ்வாய்க்கிழமை நான் உங்களை அடிச்சது இதுல இல்லையே" என்று கேட்டார். பார்த்தால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பேப்பரில் சமன்பாடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மேட்ச் விடுபட்டாலும் விடுபடாவிட்டாலும் சராசரி 0.5தான் வரும், அந்தச் சோதனையால் இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது. இப்போது ஒவ்வொரு அணியும் ஆடிய மேட்ச் எண்ணிக்கையை ரேட்டிங்குக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். மாமா ஒரு இடம் மேலே போனார், நான் இரண்டு இடம் கீழே.